பருத்தி விளையாத மாளிகைகள்: நாச்செஸ் நகரம் தன் வரலாற்றைக் காட்டும் விதம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில், ஏறக்குறைய 200 அடி உயரச் செங்குத்து மேட்டின்மேல் இருக்கிறது நாச்செஸ். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 14,520. நம் ஊர்க்கணக்கில் ஒரு பேரூராட்சிதான். ஆனால் அமெரிக்கத் தென்மாநிலங்களைப் பற்றிப் படிப்பவர்கள் இந்தச் சிற்றூரைத் தவிர்த்துவிட முடியாது. உள்நாட்டுப் போருக்கு முந்தைய மாளிகைகள் இவ்வளவு நெருக்கமாக எஞ்சியிருக்கும் ஊர்கள் மிகச் சில. ஒவ்வொரு வசந்தகாலத்திலும் அந்த மாளிகைகளின் கதவுகள் பயணிகளுக்குத் திறக்கப்படுகின்றன. வெண்தூண் முகப்புகளில் குடைபோல் விரிந்த பாவாடை அணிந்த பெண்கள் நின்று வரவேற்பது பல தலைமுறைகளாக இவ்வூரின் அடையாளமாக இருந்துவந்தது.

ஓர் ஊரின் வரலாற்றை அதன் கட்டடங்களையும் திருவிழாக்களையும் கொண்டே வெளியூர்க்காரர் அறிகிறார். கட்டடம் யாரால் கட்ட முடிந்ததோ அவருடையது. திருவிழா யாரால் நடத்த முடிந்ததோ அவருடையது. இரண்டும் இல்லாதவர்களின் வரலாறு எங்கே போகிறது, அது எப்படித் திரும்பி வருகிறது என்பதற்கு நாச்செஸைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மண்மேடுகளும் பதின்மூன்று மாதங்களும்

2016-ல் நாச்செஸ் தன் 300-ஆம் ஆண்டைக் கொண்டாடியது. அந்தக் கணக்கு 1716-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றுமேட்டில் கட்டிய ரோசலி கோட்டையிலிருந்து தொடங்குகிறது. ஊருக்குப் பெயர் கொடுத்த நாச்செஸ் பழங்குடியினர் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள். நகரின் தென்கிழக்கே செயின்ட் கேத்தரின் ஓடைக்கரையில் அவர்களுடைய தலைமைக் கிராமத்தின் மூன்று மண்மேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. ஒன்றின்மேல் 'பெருஞ்சூரியன்' என்று அழைக்கப்பட்ட தலைவரின் இல்லம் இருந்தது. இன்னொன்றின்மேல் அணையா நெருப்பு காக்கப்பட்ட கோயில். நகருக்கு வடகிழக்கே காட்டுவழியில் இன்னும் பெரிய ஒன்று உண்டு. எமரால்டு மேடு எனப்படும் அது சுமார் 8 ஏக்கர் பரப்புள்ளது. கூடைகூடையாக மண் சுமந்து மனிதர்கள் எழுப்பிய மேடு அது.

1720 முதல் 1728 வரை நாச்செஸ் பகுதியில் வாழ்ந்த லெ பாஜ் டு பிராட்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர், இந்த மக்களின் வாழ்க்கையை விரிவாக எழுதிவைத்தார். அவர் தரும் தகவல்களில் மிகச் சுவையானது அவர்களுடைய நாட்காட்டி. ஆண்டு மார்ச்சில் பிறந்தது. பதின்மூன்று நிலவு மாதங்கள் இருந்தன. ஒவ்வொரு மாதமும் அக்காலத்தில் கிடைக்கும் முக்கிய உணவின் பெயரைத் தாங்கியது: மான், ஸ்ட்ராபெரி, சிறுசோளம், தர்ப்பூசணி, பெருஞ்சோளம், வான்கோழி, கரடி என்று அந்த வரிசை நீண்டது. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ஒரு விழா. மக்காச்சோள அறுவடைக்கு வந்த விழாதான் அவற்றில் பெரியது. தர்ப்பூசணி ஆப்பிரிக்காவில் தோன்றிய பழம். ஐரோப்பியர் வழியே அமெரிக்கா வந்து, 1720களுக்குள் ஒரு மாதத்தின் பெயராகவே ஆகிவிட்டிருக்கிறது. பழங்குடிப் பண்பாடு மாறாமல் உறைந்து கிடந்தது என்ற எண்ணத்தை இந்த ஒரு சொல்லே உடைத்துவிடுகிறது. புதிதாக வந்ததைத் தன் ஆண்டுக்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்த சமூகம் அது.

புதிதாக வந்தவர்களுக்கு அந்தப் பக்குவம் இல்லை. ரோசலி கோட்டையின் தளபதி ஷெப்பார், நாச்செஸ் மக்களின் கிராமம் ஒன்றைக் காலி செய்து தன் பண்ணைக்குத் தரும்படி கேட்டார். 1729 நவம்பர் இறுதியில் நாச்செஸ் வீரர்கள் கோட்டையைத் தாக்கி, ஏறத்தாழ 230 பிரெஞ்சுக் குடியேறிகளைக் கொன்றார்கள். பதிலடி முழுமையாக இருந்தது. 1731-க்குள் நாச்செஸ் மக்கள் ஒரு தனி அரசாக இல்லாமல் போனார்கள். பிடிபட்ட நூற்றுக்கணக்கானோர், தலைவர் உட்பட, கரீபியனில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான செயின்ட்-டொமிங்குக்கு அடிமைகளாக விற்கப்பட்டனர். தப்பியவர்கள் சிக்கசா, கிரீக், செரோக்கி மக்களிடம் அடைக்கலமானார்கள். அவர்களுடைய மொழி வேறெந்த மொழிக்கும் உறவு நிறுவப்படாத தனிமொழி. அதைச் சரளமாகப் பேசிய கடைசி இருவரிடமிருந்து 1930களில், வெகுதொலைவிலுள்ள ஓக்லஹோமாவில், மொழியியலாளர் மேரி ஹாஸ் அதைப் பதிவு செய்தார்.

இந்நகரத்து மண்ணிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்ட முதல் பெருங்கூட்டத்தில் இந்த ஊரின் பெயருக்கு உரியவர்களே இருந்தார்கள். மாளிகைச் சுற்றுலாவில் அந்த உண்மை வெகுகாலம் வரவில்லை.

விளைந்தது ஒரு கரை, தெரிந்தது மறுகரை

பிரெஞ்சுக்காரரை அடுத்து 1763-ல் ஆங்கிலேயர், 1779-ல் ஸ்பானியர் என்று கைமாறி 1798-ல் நாச்செஸ் அமெரிக்காவின் வசம் வந்தது. ஐந்தாண்டுக்கு முன்னர்தான் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் இயந்திரம் உருவாகியிருந்தது. 1810களில் நீராவிப் படகுகள் வந்தன. ஆற்றோர வண்டல், ஜின், படகு, இங்கிலாந்தின் நூற்பாலைகள் ஆகியவை சேர்ந்து ஒரு தலைமுறைக்குள் நாச்செஸைப் பெருஞ்செல்வர்களின் ஊராக்கின.

மேட்டின்மேல் இருந்த மாளிகைகளைச் சுற்றிப் பருத்தி வயல்கள் இருந்திருக்கும் என்று இன்றைய பயணி நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலானவற்றுக்கு அப்படி இல்லை. அவை பண்ணைவீடுகளே அல்ல. தோட்டம் சூழ்ந்த நகர்ப்புற வசிப்பிடங்கள். பண்ணைகள் தொலைவில் இருந்தன. அவற்றில் பல, ஆற்றுக்கு அந்தப் பக்கம், லூசியானாவின் தாழ்ந்த வெள்ளச் சமவெளியில். வெள்ளமும் கொசுவும் காய்ச்சலும் அங்கே. உயரமும் காற்றும் இங்கே. 1860 கணக்கெடுப்பு இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. நாச்செஸ் உள்ளிட்ட ஆடம்ஸ் மாவட்டத்தின் 20,165 பேரில் 14,292 பேர் அடிமைகள். ஆற்றுக்கு எதிர்க்கரையிலிருந்த கன்கார்டியாவில் 13,805 பேரில் 12,542 பேர் அடிமைகள், அதாவது பத்தில் ஒன்பது பேர்.

செல்வம் உண்டான இடமும் அது காட்சிக்கு வந்த இடமும் இப்படி ஆற்றால் பிரிக்கப்பட்டிருந்தன. நாச்செஸின் பிற்கால வரலாற்றுச் சுற்றுலாவுக்கு இந்தப் பூகோளம் மிகவும் வசதியாக அமைந்தது. மாளிகையைப் பார்க்கிறவர் கண்ணில் வயல் படுவதில்லை. வயல் படாதபோது அதில் குனிந்து நின்றவர்களும் நினைவுக்கு வருவதில்லை.

ஆனால் மாளிகைக்குள்ளேயே தடயங்கள் உண்டு. 1840களில் வழக்கறிஞர் ஜான் மக்மர்ரன் கட்டிய மெல்ரோஸ் இப்போது தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அதன் சாப்பாட்டு அறையில் மேசைக்கு மேலே, வேலைப்பாடு மிக்க பெரிய மரப் பங்கா தொங்குகிறது. ஆங்கிலேயர் காலத்தில் நம் ஊர் நீதிமன்றங்களிலும் கலெக்டர் பங்களாக்களிலும் தொங்கிய அதே வகைப் பங்கா. இங்கே பங்கா இழுக்கக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். அங்கே அடிமைச் சிறுவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டின் பின்புறம் வெவ்வேறு ஒலியுடைய அழைப்பு மணிகள் வரிசையாக இருக்கின்றன. எந்த மணி எந்த அறைக்குரியது என்பதைக் காதாலேயே அறிந்து ஓடவேண்டும். சற்றுத் தள்ளி, பணிசெய்தவர்களின் குடியிருப்புகள் நிற்கின்றன.

லாங்வுட் மாளிகையின் கதை வேறு விதமானது. ஹாலர் நட் என்ற பண்ணை முதலாளி, பிலடெல்பியாவின் கட்டடக் கலைஞர் சாமுவேல் ஸ்லோனைக் கொண்டு 1860-ல் எண்கோண வடிவில் இதைத் தொடங்கினார். முப்பத்திரண்டு அறைகள் திட்டம். 1861-ல் போர் மூண்டதும் வடமாநிலத் தொழிலாளர்கள் கருவிகளை அப்படியே போட்டுவிட்டு ஊர் திரும்பினர். அடித்தளத்தின் ஒன்பது அறைகள் மட்டும் முடிந்தன. நட் 1864-ல் இறந்தார். குடும்பம் அந்த அடித்தளத்திலேயே வாழ்ந்தது. வெறும் செங்கலும் மரச்சட்டமுமாக நிற்கும் மேல்தளங்கள் இன்று நாச்செஸில் அதிகம் பார்க்கப்படும் இடங்களில் ஒன்று. போர் மூண்ட கணத்தில் அந்தப் பொருளாதாரம் எப்படி நின்றது என்பதற்கு வேறு விளக்கப்படம் தேவையில்லை.

தடயமே மிஞ்சாத சந்தை

நகர மையத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒரு மைல் தொலைவில் பழைய சாலைகள் கூடும் முனை ஒன்று உண்டு. ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு என்று பெயர். 1833 முதல் 1863 வரை தென்மாநிலங்களின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று இங்கே இயங்கியது. அந்தப் பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் ஒன்றுதான் இதைவிடப் பெரியது.

சந்தை ஊருக்கு வெளியே போனதற்குக் காரணம் காலரா. 1833-ல் ஐசக் பிராங்க்ளின் என்ற வியாபாரியிடம் இருந்த அடிமைகள் சிலர் காலராவில் இறந்தார்கள். அவர்களை முறையாக அடக்கம் செய்யாமல் புதைத்தது வெளியே தெரிந்தபோது ஊரார் கொதித்தனர். கொதிப்பு மனிதர்களை விற்பதைப் பற்றியதல்ல, நோய் பரவுவதைப் பற்றியது. நகர எல்லைக்குள் வெளியூர் வியாபாரிகள் அடிமைகளை வைத்து விற்கத் தடை வந்தது. எல்லையைத் தாண்டிச் சில அடியில் சந்தை மறுபடி தொடங்கியது.

1808-க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது. ஆகவே வர்ஜீனியா, மேரிலாந்து, கென்டக்கி போன்ற பழைய மாநிலங்களில் 'உபரி'யானவர்கள் தெற்கே விற்கப்பட்டார்கள். பிராங்க்ளினும் அவர் கூட்டாளி ஆம்ஃபீல்டும் இந்த வணிகத்தை ஒரு பெரு நிறுவனமாகவே நடத்தினர்: வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் கொள்முதல், நாச்செஸிலும் நியூ ஆர்லியன்ஸிலும் விற்பனை. சிலர் கப்பலில் நியூ ஆர்லியன்ஸ் வந்து படகில் மேலே கொண்டுவரப்பட்டார்கள். மற்றவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். நாச்செஸில் ஏலம் போடுவது வழக்கமில்லை. ஒரே மாதிரி புதுத்துணி உடுத்தி வரிசையாக நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்து, தொட்டுச் சோதித்து, வாங்குகிறவர் தனித்தனியே விலை பேசினார்.

1863 ஜூலையில் வடமாநிலப் படை நாச்செஸைப் பெரிய சண்டையின்றிப் பிடித்தது. சுற்றுப்பண்ணைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடுதலை தேடி ஊருக்குள் வந்தார்கள். அவர்களில் ஆண்கள் பலர் படையில் சேர்ந்தார்கள். அந்தக் கறுப்பினச் சிப்பாய்களே சந்தையின் அடைப்புகளைப் பிரித்து, மரத்தை எடுத்துப்போய்த் தங்கள் பாசறைகளைக் கட்டினார்கள். சிலர் அதே அடைப்புகளில் முன்பு நின்று விலைபோனவர்கள்.

இந்தச் செயலின் நீதி அப்பழுக்கற்றது. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. சுற்றிப்பார்க்கக் கட்டடம் இல்லாமல் போயிற்று. மாளிகைகள் சேதமின்றி நின்றன. அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டப் பிற்காலத்தில் பணமும் இல்லாததால் மேலும் நின்றன. சந்தை இருந்த இடம் அடுத்த நூறாண்டில் சாலையோரக் கடைகளும் புல்லுமாக ஆயிற்று.

ஏடுகளில் கிடைத்தவர்கள்

கட்டடம் இல்லாத இடத்தில் காகிதம் பேசும். நாச்செஸுக்கு அந்த வகையில் இரண்டு அரிய வாழ்க்கைகள் கிடைத்திருக்கின்றன.

முதலாவது, இப்ராஹிமா அப்துல் ரஹ்மான். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா ஜலோன் அரசின் இளவரசர், அரபு படித்தவர். போரில் பிடிபட்டு விற்கப்பட்டு 1788-ல் நாச்செஸ் வந்தார். தாமஸ் ஃபாஸ்டர் என்ற விவசாயி வாங்கினார். 1807-ல் அருகிலுள்ள சந்தையில் காய்கறி விற்கும்போது, ஜான் காக்ஸ் என்ற மருத்துவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். பல ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் நோயுற்று வழிதவறிய காக்ஸை ஆதரித்துக் காப்பாற்றியது இப்ராஹிமாவின் குடும்பம்தான். காக்ஸ் எவ்வளவு கேட்டும் ஃபாஸ்டர் விடவில்லை. பின்னர் இப்ராஹிமா அரபியில் எழுதிய ஒரு கடிதம் மொராக்கோ சுல்தான்வரை போய், அமெரிக்க அரசு தலையிட்டு, 1828-ல் விடுதலை கிடைத்தது. நாற்பது ஆண்டு அடிமை வாழ்க்கைக்குப் பின் லைபீரியா சென்றவர், விடுதலைக்கு மறு ஆண்டே, பிறந்த ஊரைப் பார்க்காமல் மொன்ரோவியாவில் இறந்தார்.

இரண்டாமவர் வில்லியம் ஜான்சன். 1809-ல் அடிமையாகப் பிறந்து, 1820-ல் பதினோரு வயதில் விடுவிக்கப்பட்டவர். முடிதிருத்தும் தொழிலில் வளர்ந்து மூன்று கடைகள் வைத்தார். வெள்ளையர்கள் கன்னத்தைக் காட்டி அமர்ந்து பேசியதை எல்லாம் கேட்டு, 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார். குதிரைப் பந்தயம், கைகலப்பு, கடன், வானிலை, மரணம் என்று ஊரின் அன்றாடம் முழுதும் அதில் இருக்கிறது. போருக்கு முந்தைய தெற்கில், சுதந்திரமான ஒரு கறுப்பின மனிதர் இவ்வளவு நீண்டகாலம் எழுதிய வேறு நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அவரை எளிதில் நாயகராக்கிவிட முடியாது: ஜான்சனே அடிமைகளை வைத்திருந்தவர். 1851-ல் நில எல்லைத் தகராறில் பேலர் வின் என்பவர் அவரைச் சுட்டுக்கொன்றார். நேரில் கண்டவர்கள் கறுப்பினத்தவர். வெள்ளையருக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. தான் கறுப்பினத்தவன் அல்ல என்று வாதிட்டே வின் தண்டனையிலிருந்து தப்பினார். நாட்குறிப்பு 1951-ல் அச்சேறியது. ஸ்டேட் தெருவில் உள்ள ஜான்சனின் வீடு இப்போது அருங்காட்சியகம்.

எண்ணிக்கைகளையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். 1840 மே 7-ல் நாச்செஸைத் தாக்கிய சுழற்காற்றில் (டொர்னாடோ) இறந்தவர்கள் 317 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. அமெரிக்க வரலாற்றில் அதிக உயிரைப் பறித்த சுழற்காற்றுகளில் அது இரண்டாவது. பெரும்பாலோர் ஆற்றில் படகுகளில் இருந்தவர்கள். பண்ணைகளில் இறந்த அடிமைகள் அந்தக் கணக்கில் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்பதே ஆய்வாளர் கருத்து.

பனி கருக்கிய பூக்களும் 1932-ம்

1907 வாக்கில் பருத்திக் காய்களைத் துளைக்கும் கூன்வண்டு மிசிசிப்பி மாநிலத்துக்குள் நாச்செஸ் பக்கமாக நுழைந்தது. பருத்தி வீழ்ந்தது. 1929-க்குப் பிறகு பெருமந்தமும் சேர்ந்துகொண்டது. பெரிய வீடுகளில் வண்ணம் உரிந்தது. வரி கட்டப் பணமில்லை.

1931-ல் மாநிலக் கார்டன் கிளப்புகளின் கூட்டம் நாச்செஸில் நடந்தது. தோட்டங்களைக் காட்டுவதுதான் திட்டம். எதிர்பாராத பனியில் பூக்கள் கருகிவிட, வந்தவர்களுக்கு வீடுகளைத் திறந்து காட்டினார்கள். பூக்களைவிட வீடுகளே அவர்களைக் கவர்ந்தன. அடுத்த ஆண்டே, கேத்தரின் கிராஃப்டன் மில்லரின் முயற்சியில், 'ஸ்பிரிங் பில்கிரிமேஜ்' என்ற வசந்தகால யாத்திரை தொடங்கியது. கட்டணத்தில் வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன, ஊர் பிழைத்தது. பணம் வந்ததும் சண்டையும் வந்தது. வருவாய் சங்கத்துக்கா, வீட்டு உரிமையாளருக்கா என்ற வழக்கில் கிளப் இரண்டாகப் பிளந்து, நீதிமன்றம்வரை போனது.

இந்த முயற்சியை இழிவாகப் பேச எதுவுமில்லை. தெற்கில் கட்டடப் பாதுகாப்பை முன்னெடுத்த பெண்கள் இவர்கள். ஆனால் எதைப் பாதுகாத்தார்களோ அதற்கேற்ற கதையும் உடன் வந்தது. இரவில் நடந்த 'கான்ஃபெடரேட் பேஜென்ட்' என்ற நாடகக் காட்சியில் வேட்டை, நடனம், விருந்து, ராஜா ராணி ஊர்வலம் எல்லாம் உண்டு. கதை போர் தொடங்குவதோடு உச்சம் பெற்று முடியும். கறுப்பினத்தவர் மேடையேறினால் மனநிறைவோடு பாடும் அடிமைகளாகவே ஏறினார்கள்.

அந்த நாடகம் நிறுத்திக்கொண்ட இடத்திற்குப் பிறகுதான் நாச்செஸின் வியப்பான பத்தாண்டு வருகிறது. இங்கே போதகராகவும் நகர்மன்ற உறுப்பினராகவும் இருந்த ஹைரம் ரெவல்ஸ், 1870-ல் அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினரானார். டன்லீத் மாளிகையில் பணியில் இருந்த ஜான் லின்ச் என்ற அடிமைச் சிறுவன், எசமானியின் கோபத்துக்கு ஆளாகி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டவன். இரு கரைகளின் வேறுபாட்டை உடம்பால் அறிந்த அவர், விடுதலைக்குப் பின் நாச்செஸில் புகைப்பட நிலையம் நடத்தி, இரவில் படித்து, 1872-ல் மாநிலச் சட்டமன்றத்தின் சபாநாயகரானார். மறு ஆண்டு நாடாளுமன்றத்துக்குப் போனார். இருவரும் யாத்திரையின் மேடையில் இல்லை.

யாத்திரை தொடங்கிய அதே ஆண்டுகளில், 1933 முதல் 1935 வரை, இரண்டு மானுடவியல் தம்பதியர் நாச்செஸில் தங்கி ஆய்வு செய்தார்கள். அலிசன் டேவிஸும் எலிசபெத்தும் கறுப்பினத்தவர். பர்லி கார்ட்னரும் மேரியும் வெள்ளையர். வெளியில் சமமாகப் பழகமுடியாததால் பிறர் கண்படாமல் சந்தித்துக் குறிப்புகளைப் பகிர்ந்துகொண்டார்கள். ஊரின் பெயரை மறைத்து 1941-ல் வெளிவந்த அவர்களுடைய 'டீப் சவுத்', அந்தச் சமூகத்தைச் சாதி, வர்க்கம் என்ற இரு கருத்தாக்கங்களால் விளக்கியது. திருமண உறவு, உடன் உண்ணுதல், ஒதுங்கி வழிவிடுதல் ஆகியவற்றின் விதிகளை அந்நூலில் படிக்கும் தமிழ் வாசகருக்கு அந்தக் கருத்தாக்கம் ஏன் பொருந்தியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தீயும் வெடிகுண்டும்

1940 ஏப்ரல் 23 இரவு. சிகாகோவிலிருந்து வால்டர் பார்ன்ஸின் இசைக்குழு வந்திருந்தது. செயின்ட் கேத்தரின் தெருவில் தகரக் கொட்டகையான ரிதம் கிளப்பில் கறுப்பின இளைஞர்கள் கூடியிருந்தார்கள். கூரையெங்கும் காய்ந்த ஸ்பானிஷ் பாசித் தோரணம். பூச்சி வராமலிருக்க அதன்மீது மருந்து தெளித்திருந்தார்கள். சீட்டு வாங்காதவர் நுழையாதபடி ஜன்னல்கள் பலகையால் அடைக்கப்பட்டிருந்தன. வெளியேற இருந்த ஒரே கதவு உட்பக்கம் திறப்பது. தீ பிடித்தபோது 209 பேர் இறந்தார்கள், பார்ன்ஸும் அவர்களில் ஒருவர். சிகாகோ முதல் மிசிசிப்பிவரை புளூஸ் பாடகர்கள் இதைப் பாடலாக்கி நினைவில் வைத்திருந்தார்கள். சம்பவ இடத்தில் ஒரு சிறு அருங்காட்சியகம் 2010-ல்தான் வந்தது.

1960களில் நாச்செஸ், வெள்ளையினவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் வலுவாக இருந்த ஊர். 1965 ஆகஸ்டில் கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர் ஜார்ஜ் மெட்காஃபின் காரில் குண்டு வெடித்து அவர் படுகாயமுற்றார். அதன்பின் எழுந்த இயக்கம் ஆழமாகக் கற்கத் தக்கது. 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' என்ற ஆயுதம் தாங்கிய தற்காப்புக் குழு கறுப்பினக் குடியிருப்புகளைக் காத்தது. மறுபுறம் வெள்ளையர் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டம் நடந்தது. அக்டோபரில் ஊர்வலம் போன நூற்றுக்கணக்கானோர் கைதாகி, இடமில்லாமல் நகர அரங்கில் அடைக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் தொலைவிலுள்ள பார்ச்மன் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டு அவமதிக்கப்பட்டனர். வாடிக்கையாளர் இன்றி வணிகம் படுத்துவிட, டிசம்பரில் நகராட்சி கோரிக்கைகளுக்கு இறங்கிவந்தது. 1967 பிப்ரவரியில், அதுவரை வெள்ளையர்க்கே என்றிருந்த பதவிக்கு டயர்த் தொழிற்சாலையில் உயர்த்தப்பட்ட வார்லெஸ்ட் ஜாக்சன், வேலைமுடிந்து வீடு திரும்பும்போது தன் டிரக்கில் வைக்கப்பட்ட குண்டால் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

இன்னொரு நாட்காட்டி

இவை ஒன்றும் தானாக ஊரின் காட்சிக்குள் வரவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் பிடிவாதமாக உழைத்த சிலர் இருந்தார்கள். கறுப்பினக் கத்தோலிக்கருக்கான மாநிலத்தின் மிகப் பழைய தேவாலயமான ஹோலி ஃபேமிலியின் பாடற்குழு, யாத்திரைக் காலத்திலேயே 'சதர்ன் ரோடு டு ஃப்ரீடம்' என்ற தன் சொந்த நிகழ்ச்சியை நடத்தத் தொடங்கியது. அதே பயணிகள், அதே வாரங்கள், வேறு கதை. 1988-ல் நாச்செஸ் தேசிய வரலாற்றுப் பூங்கா அமைந்து, மெல்ரோஸும் பின்னர் ஜான்சன் வீடும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. செர் பாக்ஸ்லி என்று அறியப்படும் ஆர்வலரும் அவர் நண்பர்களும் சந்தைமுனையை நினைவிடமாக்கக் கோரிப் பல ஆண்டுகள் போராடினார்கள். அங்கே சிமென்ட் தரையில் பதித்த கைவிலங்குகள் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டன. 2021-ல் அந்த நிலம் தேசியப் பூங்காவில் சேர்ந்தது. 1965-ல் ஊர்வலத்தில் கைதானவர்களைப் பார்ச்மனுக்கு அனுப்பியதற்காக 2015-ல் நகராட்சி மன்னிப்புக் கேட்டது. 2019-ல் அவர்கள் பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னம், அவர்களை அடைத்துவைத்த அரங்கின் அருகிலேயே எழுந்தது. பழைய இரவு நாடகமும் பெயரை மாற்றிக்கொண்டு, அடிமைமுறையின் கதைக்கு இடம் கொடுத்தது.

இன்று நாச்செஸின் ஆண்டு மூன்று விழாக்களால் அளக்கப்படுகிறது. மார்ச்சில் மண்மேடுகளின் அடிவாரத்தில் பல பழங்குடியினர் கூடும் பவ்வாவ். வசந்தத்தில் மாளிகை யாத்திரை. அக்டோபரில் ஆற்றுமேட்டில் வெப்பக்காற்று பலூன் விழா. விழா நடக்கும் இடம் ரோசலி கோட்டையின் பழைய நிலப்பகுதி. எந்த வரலாற்றையும் உரிமை கொண்டாடாத விழா என்பதால் ஊரின் எல்லாத் தரப்பும் கலந்துகொள்ள அதுவே எளிதானது. பவ்வாவ் மார்ச்சில் நடப்பதும், நாச்செஸ் மக்களின் புத்தாண்டு மார்ச்சில் பிறந்ததும் திட்டமிட்ட பொருத்தமா என்பதைவிட, அந்த மாதம் மீண்டும் அவர்கள் வழித்தோன்றல்களை ஊருக்கு அழைக்கிறது என்பதே முக்கியம்.

மாளிகைகள் திறந்த 1932-க்கும் சந்தைமுனை பூங்காவில் சேர்ந்த 2021-க்கும் இடையே 89 ஆண்டுகள். ஒரு நிலத்தின் இரு பாதிகளும் அரசின் வரைபடத்தில் சேர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. உள்ளூர் வரலாறு என்பது பழையதைத் தோண்டி எடுக்கும் வேலையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. எந்த இடத்துக்கு வேலி போடுவது, எந்த நாளுக்கு விடுமுறை விடுவது, நகராட்சிப் பணத்தை எங்கே செலவிடுவது என்ற நிகழ்கால முடிவுகளின் தொகுப்பு அது. நாச்செஸில் அந்த முடிவுகளை முதலில் எடுத்தவர்கள் வீடு வைத்திருந்தவர்கள். பிறகு அவற்றைத் திருத்தியவர்கள் தேவாலயப் பாடகர்களும், ஊர்வலத்தில் கைதானவர்களும், வெற்றுப் புல்லைக் காட்டி இதுவும் வரலாறு என்று சலிக்காமல் சொன்னவர்களும்.

பயணிக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. நாச்செஸுக்குப் போகிறவர்கள் வழக்கமாக மாளிகையில் தொடங்கி, நேரமிருந்தால் சந்தைமுனைக்குப் போகிறார்கள். அதைத் திருப்பிவிட வேண்டும். முதலில் பார்க்க ஒன்றுமில்லாத சந்தைமுனை, பிறகு ஜான்சனின் வீடு, பிறகு ஆற்றுமேட்டின் விளிம்பில் நின்று எதிரே விரியும் லூசியானாச் சமவெளி, கடைசியில் மெல்ரோஸ். இந்த வரிசையில் போகிறவருக்கு மாளிகையின் அழகு ஒரு துளியும் குறையாது. அந்த அழகுக்கு எந்தக் கரையில் யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் வழிகாட்டி சொல்லும்வரை அவர் காத்திருக்க வேண்டியிராது.